பையனின் பையும் டிரெய்லரின் பின்விளக்கும்: சென்னைக் காவல் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். இன்று அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கு எழுதுகிறேன். நாளைக்கு வேறொருவர் வந்தால் அவருக்கும் இதே கடிதம்தான்.

நான் தண்டையார்பேட்டையில் இருபத்திரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். மனு எழுதித் தருவேன், லேமினேஷன் போடுவேன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுப்பேன், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடித்துத் தருவேன். அரசாங்கத்துக்கு எங்கள் ஏரியா ஜனங்கள் எழுதுகிற கடிதத்தில் பாதி என் கை வழியாகத்தான் போகிறது. எனக்கென்று எழுதுவது இதுதான் முதல் தடவை. கை கொஞ்சம் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் வாரம் வந்தால் ஊரில் சோதனை கூடும் என்பது எங்களுக்குப் பழக்கம். பாபர் மசூதி இடிக்கப்பட்ட 6-ஆம் தேதி தாண்டும்வரை சென்ட்ரலில் மோப்ப நாய் வரும், ரோட்டில் பேரிகேடு வரும், டி.வி.யில் 'தீவிர கண்காணிப்பு' வரும். போன டிசம்பரில் அப்படி ஒரு ராத்திரி, என் தங்கச்சி பையனை எக்ஸ்பிரஸ் ரோட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். அவனுக்கு வயது 22. மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி எழுதுகிற வேலை. உள்ளே எத்தனை பெட்டி வந்தது, வெளியே எத்தனை போனது என்று நாளெல்லாம் எண்ணுபவன். இரண்டாவது ஷிப்ட் முடித்து பைக்கில் வருகிறான், மணி பதினொன்றேமுக்கால்.

பையைத் திறக்கச் சொன்னார்கள். டிபன் பாக்ஸ், துண்டு, டேலி நோட்டு, ஒயரோடு ஒரு பவர் பேங்க். பவர் பேங்கைத்தான் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். அப்புறம் டிபன் பாக்ஸ். திறந்ததும் நெத்திலிக் கருவாட்டு வாடை. "மூடு மூடு" என்றாராம் காவலர். அதற்குப் பிறகுதான் போன். "நேரா பாரு, சிரிக்காத" என்று முகத்தைப் படம் பிடித்தார்கள். செயலி யாரோ ஒரு பெயரைக் காட்டியது. அவன் பெயர் இல்லை, அவன் அப்பா பெயரும் இல்லை. ஆதாரைக் காட்டினான். யார்டு கேட் பாஸைக் காட்டினான். நாற்பது நிமிஷம் நிற்க வைத்து, மேலே யாரிடமோ பேசி, "சரி போ" என்று அனுப்பிவிட்டார்கள். அடிக்கவில்லை, காசு கேட்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் எழுத உட்கார்ந்ததே அவன் சொன்ன இன்னொரு விஷயத்துக்காக. அவனை நிறுத்தி வைத்த இடத்துக்கு இருபது அடி தள்ளி ஒரு டிரெய்லர் நின்றிருந்தது. நாற்பது அடிப் பெட்டி ஏற்றியது. டிரைவர் கீழே பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பின்விளக்கு இல்லை, ஒளிரும் ஸ்டிக்கர் இல்லை, பின்னால் ஒரு கல்கூட வைக்கவில்லை. சோதனை போட்ட காவலர்களில் வயதான ஒருவர், வருகிற பைக்குக்கெல்லாம் டார்ச்சை ஆட்டி, "லாரியைச் சுத்திப் போ, லாரியைச் சுத்திப் போப்பா" என்று கத்திக்கொண்டே இருந்தாராம்.

"மாமா, அந்த ஏட்டு நல்ல மனுசன்" என்றான் பையன். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள் ஐயா. அந்த ரோட்டில் எது ஆளைக் கொல்லும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அவருக்கு மேலிடம் கொடுத்த உத்தரவு கருவாட்டு டிபனைத் திறப்பது. டிரெய்லரை நகர்த்துவதற்கு யாரும் அவருக்கு உத்தரவு கொடுக்கவில்லை. டார்ச் அடித்தது அவராக இரக்கப்பட்டுச் செய்தது.

என் கடைக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்தால் எங்கள் ஜனம் எதில் சாகிறது என்பது புரிந்துவிடும். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஸ்டான்லி ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், வாரிசுச் சான்று. விபத்து இழப்பீட்டு வழக்குக்கு இத்தனையும் மூன்று செட் வேண்டும். கொண்டுவருவது பெரும்பாலும் பெண்கள். மஞ்சப்பையிலோ பிளாஸ்டிக் கவரிலோ மடித்துக் கொண்டுவருவார்கள். எந்தத் தாள் எதற்கு என்று தெரியாது. எல்லாவற்றையும் எடுக்கச் சொல்வார்கள். இரண்டு வருஷம் முன்பு எங்கள் தெரு மெக்கானிக்கின் மகன் துறைமுகத்து ஜீரோ கேட்டுக்கு வரிசை கட்டி நின்ற டிரெய்லரின் பின்னால் மோதிப் போனான். அவனுக்கு அஞ்சலி நோட்டீஸ் நான்தான் அடித்தேன். பத்தொன்பது வயசு. காலேஜ் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டேன். ரொம்பப் பெரிதாக்கினதில் கண் கலங்கின மாதிரி வந்துவிட்டது. அவன் அம்மா "அப்படியே இருக்கட்டும்" என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் குண்டுவெடிப்பு சம்பந்தமாக ஒரே ஒரு தாள்கூட என் மிஷினில் ஏறியதில்லை.

இதைச் சொன்னதும், இவன் தீவிரவாதத்தைச் சாதாரணமாக நினைக்கிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊர் பார்க்காததில்லை. 1984-ல் மீனம்பாக்கம், 1991-ல் ஸ்ரீபெரும்புதூர், 1993-ல் சேத்துப்பட்டு. 1998 பிப்ரவரி 14-ல் கோயம்புத்தூரில் 58 உயிர். 2014 மே 1-ஆம் தேதி காலையில் சென்ட்ரலில் நின்ற கவுகாத்தி ரயிலில் குண்டு வெடித்து ஒரு இளம்பெண் இறந்தார். 14 பேருக்குக் காயம்.

அந்த மே மாதம் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரல் சம்பவம் நடந்து மூன்று நாளோ நாலு நாளோ இருக்கும். கடை வாசல் பெஞ்சுக்கு அடியில் ஒரு கறுப்புப் பை. யாருடையது என்று கேட்டேன், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பக்கத்துப் பழக்கடைக்காரர் "தொடாதீங்க" என்றார், அவ்வளவுதான். மிஷினை ஓடவிட்டுவிட்டு நான்தான் முதலில் வெளியே பாய்ந்தேன். காலேஜ் விண்ணப்பத்துக்கு மார்க் ஷீட் நகல் எடுக்க வந்த பெண் உள்ளேயே நின்றது. அதை "வா வா" என்று கூப்பிடக்கூட எனக்குத் தோன்றவில்லை. 100-க்குப் போன் போட்டோம். அவர்கள் வருவதற்குள் எதிர் பில்டிங் வாட்ச்மேன் தாத்தா டீ குடித்துவிட்டு வந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். உள்ளே சட்டை, ஒரு சொம்பு, வெற்றிலைப் பொட்டலம். நான் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அன்றைக்கு டி.எச். ரோட்டை எத்தனை தடவை குறுக்கே கடந்தேன், எத்தனை டிரெய்லருக்கு நடுவில் புகுந்தேன் என்று கேட்டால் தெரியாது. அதற்கெல்லாம் யார் பயப்படுவார்கள்?

பயம் கணக்குப் பார்க்காது. எனக்கே அப்படித்தான். ஆனால் காவல்துறை என்பது என்னைப் போல பெஞ்சைத் தாண்டி ஓடுகிற ஆள் இல்லை. கணக்குப் பார்க்கத்தான் உங்களுக்குக் கம்ப்யூட்டரும் கட்டடமும் இருக்கிறது. மத்திய அரசு வெளியிட்ட கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டு ரோடுகளில் இறந்தவர்கள் 17,884 பேர். நாளைக்கு 49. கோயம்புத்தூரில் ஒரு மத்தியானம் போன உயிர்கள் நம் ரோட்டில் ஒன்றேகால் நாளில் போகின்றன. அதற்கு மறுநாளும் போகின்றன. இதற்காக யாரும் டி.வி.யில் சிவப்புக் கட்டம் போடுவதில்லை.

கொலையும் விபத்தும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. வேண்டுமென்றே கொல்ல வருகிறவனைப் பிடிப்பது உங்கள் வேலை. ரோட்டுக் குழிக்கு மாநகராட்சி, லாரிக்கு ஆர்.டி.ஓ. என்பீர்கள். சரி. அப்படியென்றால் வெடிமருந்துக்கு யார்?

மணலியில் அம்மோனியம் நைட்ரேட் கிடந்த கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். கொரோனா ஊரடங்கு, வீட்டில் உட்கார்ந்து அந்தக் காளான் புகையைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரிரு நாளில் செய்தி வருகிறது: அதே சரக்கு, ஏறக்குறைய 700 டன், நம் மணலியில் 37 கன்டெய்னர்களில் இருக்கிறதாம். 2015-ல் சென்னைத் துறைமுகத்தில் சுங்கத்துறை பிடித்தது. ஒழுங்கான அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்தார்கள் என்று வழக்கு. ஐந்து வருஷம் அங்கேயே கிடந்திருக்கிறது. நடுவில் 2015 வெள்ளத்தில் கொஞ்சம் நனைந்துகூடப் போயிருக்கிறது. பெய்ரூட் வெடித்த பிறகுதான் அவசரம் அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரியில் ஏற்றினார்கள்.

இதில் நான் கவனித்தது என்னவென்றால், அம்மோனியம் நைட்ரேட்டை வெடிபொருளாகக் கருதி 2012-ல் தனி விதிகளே போட்டார்கள். ஏன் போட்டார்கள்? நாட்டில் பல இடங்களில் குண்டு செய்ய அது போனது என்பதால். ஆக, தீவிரவாத பயத்தில் பிறந்த சட்டம் தன் வேலையைச் சரியாகச் செய்து சரக்கைப் பிடித்தது. பிடித்ததைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு தீவிரவாதி ஐந்து கிலோ வைத்திருந்தால் தலைப்புச் செய்தி. அரசாங்க முத்திரையோடு 700 டன் இருந்தால் அது 'நிலுவையில் உள்ள கோப்பு'. அந்த ஐந்து வருஷமும் மணலி ரோட்டில் வாகனத் தணிக்கை நடந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் பையன்களின் பை திறக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

2023 டிசம்பரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கக் கறுத்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் தார் பூசின மாதிரி. அது ஆறுவதற்குள் 26-ஆம் தேதி நடுராத்திரி பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகிற குழாயில் அம்மோனியா கசிந்தது. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் சின்னகுப்பத்தில் இருக்கிறார். கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது, என்ன என்றே தெரியவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினோம் என்றார். எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்ல ஆள் இல்லை. சைரன் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிராக ஓட வேண்டுமா, குறுக்கே ஓட வேண்டுமா என்று ஒருவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சந்தேகப்படும் பொருளைக் கண்டால் யாருக்குப் போன் பண்ணவேண்டும் என்று மட்டும் எல்லாச் சுவரிலும் எழுதியிருக்கிறது. நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மறுநாள் அந்த ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தபோது அங்கே வந்த போலீஸ் வேனை எண்ணினால், முந்தின ராத்திரி வந்த ஆம்புலன்ஸைவிட ஜாஸ்தி என்றார் அந்தச் சொந்தக்காரர். கோபத்தில் சொன்ன கணக்கு, நான் சரிபார்க்கவில்லை. ஆனால் தூத்துக்குடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2018 மே மாதம், ஸ்டெர்லைட் ஆலைப் புகைக்குப் பயந்தவர்கள்மேல் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். அதற்கப்புறம் டி.வி.யில் பேசப்பட்டதெல்லாம் கூட்டத்தில் புகுந்த 'சமூக விரோதிகள்' பற்றித்தான்.

வட சென்னைக்குப் பயம் புதிதில்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் வந்து சில நிமிஷம் குண்டு போட்டது. எரிந்தது துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள். இறந்தவர்களைக் கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் ஊரே காலிபண்ணிக்கொண்டு ரயிலேறியது. கப்பல் அதோடு போய்விட்டது, மறுபடி இந்தப் பக்கம் வரவே இல்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. என் பாட்டி என்னை 'எம்டன்' என்றுதான் திட்டுவாள். அன்றைக்கும் ஆபத்து எண்ணெய்த் தொட்டியில்தான் இருந்தது, நாங்களும் அன்றிலிருந்து அதன் பக்கத்திலேயேதான் குடியிருக்கிறோம்.

அதைவிட என் மனசில் நிற்பது 1942. ஜப்பான்காரன் வருகிறான் என்று ஏப்ரல் மாதம் கவர்னரே ஊரைக் காலி செய்யச் சொன்னார். சென்ட்ரலுக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட் பின்னால் அப்போது மிருகக்காட்சிசாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் ரோட்டுக்கு வந்துவிடுமே என்று பயம். மலபார் ஸ்பெஷல் போலீஸை வரவழைத்து சிங்கம், புலி, சிறுத்தை, கரடி எல்லாவற்றையும் கூண்டுக்குள்ளேயே வைத்துச் சுட்டார்கள். ஜப்பான்காரன் வந்து இறங்கவே இல்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அதில் எனக்கு ஒரு சின்னத் திருத்தம் உண்டு. அரண்டவன் பேயை அடிக்க மாட்டான், அது கைக்கு எட்டாது. எட்டுகிற தூரத்தில் இருப்பதை அடிப்பான். ஜப்பான் கப்பல் எட்டவில்லை. கூண்டுச் சிங்கம் எட்டியது. இன்றைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேட்டுப் பையன்கள். அப்புறம் மண்ணடிப் பாய்கள்.

சட்டமும் அப்படித்தான், எட்டுகிற பக்கமெல்லாம் நீளும். குண்டர் சட்டம் 1982-ல் வந்தபோது சாராயம் காய்ச்சுகிறவன், கஞ்சா விற்கிறவன், ரவுடி, நிலத்தை வளைப்பவன் என்றுதான் சொன்னார்கள். 2004-ல் திருட்டு வி.சி.டி. விற்பவனையும் அதில் சேர்த்தார்கள். பர்மா பஜாரில் தட்டு வைத்து வி.சி.டி. விற்ற என் சிநேகிதன் அன்றைக்குத் தட்டைத் தூக்கினவன்தான், இன்றைக்குச் செருப்பு விற்கிறான். படத்தைத் திருடி விற்றது தப்புதான். அதற்காக ஜாமீனே இல்லாமல் ஒரு வருஷம் உள்ளே வைக்கலாமா? 2017-ல் மெரினாவில் ஈழத்தில் செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போன திருமுருகன் காந்திமேலும் அதே சட்டம் பாய்ந்தது. அப்புறம் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எங்கள் பக்கத்தில் 'குண்டாஸ்' என்பது சட்டத்தின் பெயராகவே இல்லை. "குண்டாஸ் போட்டுடுவேன்" என்பது பெல்ட்டைக் கழற்றுவேன் என்பது மாதிரி ஒரு வார்த்தை.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில், அன்றைய தீவிரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கோர்ட் 26 பேருக்கும் தூக்கு என்றது. உச்ச நீதிமன்றம் 1999-ல் அதில் 19 பேரை வெளியே விட்டது. எட்டு வருஷம் கழித்து. தடாச் சட்டமே இந்த வழக்குக்குப் பொருந்தாது என்றும் சொன்னது. பேரறிவாளனைப் பிடித்தபோது வயது 19. 2022 மே 18-ல் விடுதலையானபோது 50. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பதுதான் அவர்மேல் இருந்த பெரிய குற்றச்சாட்டு. அது எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டுவிட்டதாக, அதைப் பதிவு செய்த அதிகாரியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். நகல் எடுக்கிற எனக்கு இது வயிற்றைக் கலக்குகிறது. தாள் ஒரு ஓரம் மடங்கியிருந்தால் ஒரு வரி விழாது. கவனித்தால் கண்ணாடியில் திருப்பி வைத்து எடுத்துவிடலாம். அந்த ஒரு வரிக்கு முப்பத்தொரு வருஷம். ஸ்ரீபெரும்புதூரில் செத்தவர்களும் நம் ஜனம்தான். அவர்கள் வீட்டிலும் ஒரு அம்மா இருந்திருப்பார். ஆனால் பேரறிவாளனின் அம்மா அற்புதம்மாள் ஜெயில் வாசலில் நின்றதால் அந்த அம்மாக்களுக்கு என்ன கிடைத்தது?

என் தங்கச்சி பையனின் முகத்துக்கு வருகிறேன். முக அடையாளச் செயலியைத் தமிழ்நாடு காவல்துறை 2021-லிருந்து பயன்படுத்துகிறது. காணாமல் போன ஆளைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது என்கிறீர்கள், நம்புகிறேன். கேமராவே கூடாது என்று சொல்லவும் நான் வரவில்லை. பக்கத்துக் கடைக்காரரின் வண்டியைத் திருடினவன் 'மூன்றாவது கண்' கேமராவில்தான் மாட்டினான். ஆனால் நான் ஒருவருக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தால் அவர் காசு கொடுத்துக் கேட்டதால் எடுக்கிறேன். வேலை முடிந்ததும் அழித்துவிடுகிறேன், அழிக்கச் சொல்லி அவர் கேட்கவும் செய்வார். நடு ரோட்டில் எடுத்த முகத்தை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? தப்பான பெயர் காட்டினதே, அந்தத் தப்பு எங்காவது பதிவானதா? இல்லை, 'சந்தேகத்தின்பேரில் விசாரிக்கப்பட்டவர்' என்று அவன் முகம் மட்டும் பதிவானதா? 2024 மே மாதம் அந்தச் செயலியின் தளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்து விவரங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன என்று செய்தி பார்த்தோம். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். என் தங்கச்சி பையன் முகத்தை எங்கே போய் மாற்றுவான்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராத்திரி பதினொன்றேமுக்காலுக்கும் அது செல்லும் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டு வாடகை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 2012-ல் வங்கிக் கொள்ளையர் என்று ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்ற வேளச்சேரி என்கவுன்டருக்குப் பிறகு, குடியிருப்பவர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தப் படிவம் எனக்கு நல்ல வியாபாரம், பொய் சொல்ல மாட்டேன். ஊரில் எங்காவது ஒன்று வெடித்தால் மறுவாரம் வீட்டுக்காரர்கள் வரிசையில் வருவார்கள். 2022 அக்டோபரில் கோவையில் கார் வெடித்தபோதும் வந்தார்கள். அதில் ஒருவர் ஒரு தையல்கார பாயின் ஆதாரை நீட்டி, "இது ஒரிஜினல்தானா, கொஞ்சம் பாருங்க" என்றார். பாய் எனக்குப் பதினைந்து வருஷப் பழக்கம், என் சட்டை அவர் தைத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "அவரை எனக்குத் தெரியும்" என்று சொல்லாமல், ஆதாரை லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் "ஒரிஜினல்தான்" என்றேன். அப்படியும் வீடு கிடைக்கவில்லை. அட்வான்ஸ் வேறொருவரிடம் வாங்கிவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். பாய் இப்போது மாதவரம் தாண்டி எங்கேயோ இருக்கிறார். படிவத்தில் மதம் என்று ஒரு கட்டமும் கிடையாது ஐயா. பெயர் எழுதும் கட்டமே போதுமாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வட சென்னையில் ஸ்டேஷன் வாரியாக எத்தனை முகம் படம் பிடித்தீர்கள், எத்தனை சரியாக வந்தது, எத்தனை தப்பாக வந்தது என்று மாதா மாதம் ஸ்டேஷன் வாசல் பலகையில் எழுதிப் போடுங்கள். தப்பாக வந்த முகத்தை அழித்துவிட்டு, அழித்தோம் என்று அந்த ஆளுக்கு ஒரு வரி செய்தி அனுப்புங்கள். சந்தேகம் என்றால் என்ன சந்தேகம் என்று நிறுத்தப்பட்டவனுக்குச் சொல்லுங்கள். வட சென்னை அட்ரஸ் என்பது சந்தேகம் ஆகாது. அதே பேரிகேடு, அதே ஆட்கள், அதே நேரம். பையைத் திறக்கும் முன் பக்கத்தில் நிற்கிற டிரெய்லரின் பின்விளக்கைப் பாருங்கள். சுங்கத்துறை, வெடிபொருள் துறை, தொழிற்சாலைகள் ஆய்வுத் துறை எல்லாரையும் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே மேஜையில் உட்கார வைத்து, மணலியிலும் எண்ணூரிலும் எந்தக் கூரைக்கடியில் என்ன கிடக்கிறது என்று கேளுங்கள். உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று யாராவது சொன்னால், தீவிரவாதத் தடுப்பு என்று சொல்லிப் பாருங்கள். அந்த வார்த்தைக்குத் திறக்காத கதவு இந்த நாட்டில் இருக்கிறதா என்ன?

என் தங்கச்சி பையன் இப்போது பை கொண்டுபோவதில்லை. டிபன் பாக்ஸை வெளியே தெரிகிற மாதிரி கண்ணாடிக் கவரில் போட்டு வண்டி ஹேண்டிலில் மாட்டிக்கொள்கிறான். பவர் பேங்கை வீட்டிலேயே வைத்துவிடுகிறான். அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் அணைந்துவிடுகிறது. பதினொன்றரைக்கு மேல் அவன் அம்மா எனக்குப் போன் பண்ணுகிறாள். "எங்கியாவது நிக்க வெச்சிருப்பாங்க, வந்துடுவான்" என்கிறேன். நிற்க வைத்திருக்க வேண்டுமே என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன். மற்றது எதுவும் நடந்திருக்கக் கூடாது. நேற்று ராத்திரி பன்னிரண்டே காலுக்கு வந்தான்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவன்

பின்குறிப்பு: அந்த வயதான ஏட்டு யார் என்று கண்டுபிடித்து விளக்கம் கேட்டுவிடாதீர்கள். அவருக்கு இன்னொரு டார்ச் கொடுங்கள். இருந்ததில் பேட்டரி இறங்கிப்போய் வெளிச்சம் மஞ்சளாகத்தான் வந்தது என்றான் பையன்.